மூன்று மணிச் சந்தனக்குச்சி

கல்முனைக் கரையோரத்தில் பகல் மூன்று மணி வெயிலை விருந்தாளி மாதிரி வரவேற்கும் ஒரே மனிதர் சந்தனக்குச்சிக் காக்காதான். அந்நேரம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பாயைத் தேடும். அவர் மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு அறையைத் தேடுவார். தொழில், ஏசி பூட்டுவது. சவூதியில் பழகியது. உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை; ஊருக்கே அண்ணன் முறை, அதனால் காக்கா.

எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் மகளுக்கு சம்மாந்துறை அரிசி மில் வீட்டு மாப்பிள்ளை முடிவானதும் எனக்கு ஒரே ஒரு பயம்தான்: மனிதர் முதல் நாளே வேர்த்துக் கொட்டி, மில்லே மேல் என்று திரும்பிப் போய்விட்டால்? கடையில் இருந்ததிலேயே பெரிய ஏசியை வாங்கி வந்தேன். மெசின் பெரிதென்றால் குளிரும் பெரிது என்பது என் கண்டுபிடிப்பு. இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான் என்பதை இங்கே அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

காக்கா சரியாக மூன்று மணிக்கு வந்தார். ஏசிப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகளின் அறையில் இரண்டு கதிரை போடச் சொன்னார். ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார்.

"இரிங்க சேர்."

"எவ்வளவு நேரம் காக்கா?"

"அறைக்கு எத்தின டிகிரி காய்ச்சலெண்டு தெரியிற வரைக்கும்."

அறையின் காய்ச்சல் எனக்கும் தொற்றியது. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். அவரோ ஊஞ்சலில் இருப்பவர் போல இருந்தார்.

"மாப்பிள்ளை எத்தின கிலோ?"

"அத எப்பிடிக் காக்கா சம்பந்திக்கிட்டக் கேக்கிற?"

"மனிசனும் ஒரு அடுப்புத்தானே சேர். பெரிய அடுப்பா, சின்ன அடுப்பா?"

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சந்தனக்குச்சியை எடுத்துப் பற்ற வைத்தார். கதவு நீக்கலால் எட்டிப் பார்த்த என் மனைவி, பாத்திஹா ஓதப்போகிறாராக்கும் என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். காக்கா ஓதவில்லை. புகை எங்கே போகிறதென்று பார்த்தபடி சுவரோரமாக நடந்தார். அது சுவருக்கும் கூரைக்கும் இடையால் ஒரு சுருள், ஜன்னலால் ஒரு சுருள் என்று போய்க்கொண்டே இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிசன் சேர். ஆனா அவருக்கு ஏசி பூட்டவா என்னைக் கூப்பிட்டீங்க?"

தீர்ப்பு வந்தது. ஓட்டுக்குக் கீழே சீலிங் அடிக்க வேண்டும். இடுக்கெல்லாம் அடைக்க வேண்டும். மெசினைக் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். "இது கலியாண மண்டபத்து மெசின். உங்கட அறையக் கண்ணை மூடித் திறக்கிறத்துக்குள்ள குளிராக்கிப்போட்டு நிண்டிரும். ஈரம் அப்பிடியே கிடக்கும். மாப்பிள்ளை நனைஞ்ச கோழி மாதிரிப் படுப்பார்."

மூன்றுக்கும் தலையாட்டினேன். நாலாவதில்தான் சண்டை. வெளிப்பெட்டி வீட்டின் முன்சுவரில் வரவேண்டும் என்றாள் மனைவி. மாப்பிள்ளை வீட்டார் படலையைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டுமாம்.

"முன்னுக்கு மேற்கு வெயில், தங்கச்சி. பின்னுக்குக் கடலுப்புக் காத்து. வடக்குப் பக்கம் குசினிச் சுவரிலதான் நிழல் இரிக்கி."

"அடுப்படிப் பக்கம் யார் காக்கா பாக்கிற?"

"பாக்கிறத்துக்கெண்டா வெறும் பெட்டியத் தொங்க விடுங்க. குளிர் வேணுமெண்டா மறுகா என்னைக் கூப்பிடுங்க."

ஏணியைக் கட்டிக்கொண்டு போயே விட்டார்.

நாங்கள் விடுவோமா? சீலிங் அடித்து, இடுக்கடைத்து, மெசினையும் மாற்றி, வயரிங் வேலை தெரிந்த என் மச்சானைக் கொண்டு வெளிப்பெட்டியை முன்சுவரிலேயே பூட்டினோம். மேற்பார்வை நான். தண்ணீர் வடியும் குழாய் சுவரின் அழகைக் கெடுத்தது. "ஜன்னலுக்கு மேலால வளைச்சு விடு மச்சான்" என்றேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பகல் மூன்று மணி. வெயிலில் வெளிப்பெட்டி இரைத்து இரைத்து நின்றுபோனது. மேலே ஏற மனமில்லாத தண்ணீர் உள்ளே திரும்பி, புது மெத்தையின் நட்டநடுவில் சொட்டியது.

"இஞ்சருங்க, இதைத்தானா அந்தப் புள்ளைகளுக்கும் படிப்பிச்சீங்க?" என்றாள் மனைவி.

காக்கா வீட்டுக்கு ஓடினேன். ஊருக்கே குளிர் பூட்டியவரின் வீட்டுக்குத் தகரக் கூரை. ஒரு மேசை ஃபேன் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஏசவில்லை. "மூணு மணிக்கா நிண்ட?" என்று மட்டும் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கலியாணத்தன்று விடிய சுபஹு தொழுத கையோடு வந்தார். எல்லாவற்றையும் கழற்றினார். வெளிப்பெட்டி வடக்குச் சுவருக்குப் போனது. வடிகுழாயைச் சரிவாக வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, அது வெளியே வரும்வரை குந்திக்கொண்டு பார்த்தார். பிறகு பம்ப் ஒன்றைக் கொளுவி, கேஸ் குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். வாசலில் பந்தல்காரர் கத்த, குசினியில் ஒரே தட்டில் பலர் கூடி உண்ணும் சகன் சோற்றுக்கு ஆள் கத்த, பம்ப் ஆறுதலாக உறுமிக்கொண்டிருந்தது.

"கெதியாக் காக்கா!"

"கழுவாத சட்டியில கறி ஆக்கச் சொல்றீங்களா சேர்?"

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ். நான் புறப்படும்போது வேலை முடிந்திருந்தது. ஆனால் அறையை ஒப்படைக்க மாட்டாராம். மூன்று மணிக்கு ஒருக்கா இருந்து பார்க்க வேண்டுமாம்.

"மூணுக்கு மாப்பிள்ளை வாறார் காக்கா!"

"வரட்டும். நானும் மூணுக்குத்தான்."

மாப்பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். நான் பயந்தபடியே பெரிய அடுப்புத்தான். கோட்டுக்குள் வேர்த்து ஒழுகியபடி நின்றார். பிஸ்மி சொல்லி அறைக் கதவைத் திறந்தேன்.

உள்ளே கதிரையில் காக்கா. மடியில் ஸ்பேனர், நெஞ்சில் கவிழ்ந்த நாடி, மெல்லிய குறட்டை. ஜன்னலோரம் சந்தனக்குச்சியின் புகை எந்த இடுக்கையும் தேடாமல் நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே! காக்கா, எழும்புங்க!" என்று மனைவி பாய்ந்தாள்.

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி வேர்க்கவில்லை. மற்றக் கதிரையில் மெதுவாகச் சாய்ந்தார்.

"விடுங்க மாமி," என்றார் தாழ்ந்த குரலில். "மனிசனுக்கு எத்தின நாள் நித்திரை பாக்கியோ."

தகரக் கூரையும், தலையாட்டும் ஃபேனும் என் கண்ணுக்குள் வந்தன. மாப்பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் போர்வையின் மடிப்பைக் குலைத்து, முதலில் காக்காவுக்குப் போர்த்திவிட்டேன்.