மெமரி கார்டும் ஒரு வங்காளச் சொல்லும்

எனக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். அன்று நடந்ததற்குப் பிறகும் இதையேதான் சொல்கிறேன். சந்தேகமிருந்தால் எங்கள் தெரு மீன்கடையில் விசாரித்துக்கொள்ளலாம். (நாங்கள் சைவம். பேச மட்டும்தான் போவேன்.)

விஷயம் என் பழைய வீடியோ கேம் பெட்டி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டில் டிவிக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம் உண்டு. அதன் டிஸ்க் டிரைவுக்கு வயதாகிவிட்டது. டிஸ்க்கைப் போட்டால் காபிக்கொட்டை அரைபடும் சத்தம் வரும். கார் பந்தயம் மட்டும் வராது.

"பூஜோ பண்டிகைக்கு வீடு ஒழிக்கப்போறேன். அதுக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா பழைய சாமான்காரன் எடுத்துண்டு போவான்" என்றாள் என் மனைவி கல்யாணி.

"இது குப்பையா?"

"நான் சொல்லலை. நீங்களே சொல்லிட்டேள்."

நான் விடுவதாக இல்லை. டிஸ்க் டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன சர்க்யூட் பலகையை மாட்டிவிட்டால் போதும். விளையாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றி அதில் செருகிக்கொள்ளலாம். சுழல்வதற்கோ தேய்வதற்கோ ஒன்றுமே கிடையாது. பலகையை வரவழைத்தேன்.

ஒழுங்கு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கழற்றிய திருகுகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினேன். (அந்த வாரம் வீட்டில் இட்லி கிடையாது. அதையும் என் கணக்கில் எழுதிவிட்டார்கள்.)

டார்ச் பிடிக்க எதிர் ஃபிளாட் வங்காளி தபன்தா வந்தார். பாங்கு அதிகாரி. பந்தயத்தில் என்னிடம் தோற்றுக்கொண்டே இருப்பவர். பழிவாங்க அவருக்கும் அந்தப் பெட்டி தேவை. மகள் நித்யா செல்போனில் வீடியோ எடுத்தாள். கல்யாணி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டிரைவ் சமர்த்தாக வெளியே வந்தது. அது உட்கார்ந்திருந்த சாக்கெட்டில் புதுப் பலகையின் பின்களைப் பொருத்தி அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வைத்தேன். இறங்கவில்லை. டார்ச்சோடு குனிந்து பார்த்த தபன்தா திடீரென்று கத்தினார்:

"தாக்! தாக்!"

வங்காளத்தில் 'தாக்' என்றால் 'வேண்டாம், விட்டுவிடு' என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? இன்னொரு சந்தேஷ் ஸ்வீட் வைக்க வருகிறவர்களிடம் நானே சொல்கிற சொல்தான். ஆனால் என் காதுக்கும் கைக்கும் நடுவில் இருக்கவேண்டிய மூளை அந்த நிமிஷம் மயிலாப்பூர் போயிருந்தது. மனிதர் தாக்கச் சொல்கிறார் என்று, உள்ளங்கையால் முழு பலத்தோடு தாக்கினேன்.

சடக்.

பின்கள் ஒரு வரிசை தள்ளி நிற்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். பலகை குறுக்கே பிளந்து கிடந்தது. பெட்டியின் சாக்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. (குப்பையாம்!)

"விடச் சொன்னேனே, மொஷாய்!" தபன்தா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தமிழ்ல சொல்லியிருக்கலாமே?" என்றேன். இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான்.

"அப்பா, வீடியோ பக்காவா வந்திருக்கு!" என்றாள் நித்யா, தரையில் உட்கார்ந்து சிரித்தபடி.

மறுநாள் காலை பழைய சாமான்காரர் வந்தே விட்டார். கல்யாணி கை காட்டிய திசையில் குனிந்து என் பெட்டியைத் தொட்டார்.

"தாக்! தாக்!" என்று நான் போட்ட கூச்சலில் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். ஒரு வங்காளிக்கு என் வங்காளம் புரிந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கல்யாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூஜோ வரை தவணை கிடைத்தது.

இரண்டாவது பலகையை, அறையில் யாரும் இல்லாதபோது மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லாமல் பந்தயம் தொடங்கியது. பெட்டி இன்றும் டிவிக்குக் கீழேதான் இருக்கிறது. தபன்தா இன்றும் தோற்கிறார்.

ஆனால் நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், மனைவி, மகள், எதிர் ஃபிளாட் எல்லோரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "தாக்! தாக்!"

எந்த மொழியில் சொல்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. எனக்குச் சாதகமான மொழியில் எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறேன்.