பதினொரு மணிக்கு எழுந்தவர்

மணி பதினொன்று. கோப்பறைக் குமாஸ்தா எழுந்தார். கூடவே நாற்பது நாற்காலிகள் கிரீச்சிட்டன.

ஒரு மாதமாக இந்தக் கூத்துதான். இந்த ஆபீசில் சேர்ந்ததிலிருந்து அவருக்குத் தீராத முதுகுவலி. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "தினம் பதினோரு மணிக்கு எழுந்து நின்னு, ரெண்டு கையையும் தூக்கி, கண்ண மூடி இருபது எண்ணுங்க." முதல் நாள் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா மரியாதைக்கு எழுந்து நின்றார். மூன்றாம் நாள் அந்த வரிசையே எழுந்தது. இப்போது ஆபீசே கை தூக்குகிறது.

குமாஸ்தா நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்; நிரந்தரமானால்தான் மாமனார் வீட்டு மாடியறையிலிருந்து விடுதலை. இந்தக் கூத்து அவர் கண்ணில் பட்டால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"ஐயா சாமி, எனக்கு முதுகுவலிங்க! வேற ஒண்ணும் இல்ல!"

"என்ன ஒரு அடக்கம்!" டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கண் கலங்கியது. "எனக்கும் அங்கதான் வலிச்சுது. போயே போச்சு."

மறுநாள் கோப்பறையில் ஒளிந்து செய்யப் போனார். அந்த வாசலில் எல்லாரும் குனிந்துதான் நுழைவார்கள். சேர்ந்த அன்றிலிருந்து, ஒரு நாளைக்கு நாற்பது தடவை, இவரும் அப்படித்தான். இருபது எண்ணிக் கண் திறந்தால் ஆபீஸ் மொத்தமும் குனிந்து குனிந்து உள்ளே வந்து நின்றிருந்தது. நெரிசலில் கதவின் கீல் பெயர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு எழாமலே இருந்தார். ஒருத்தரும் சாப்பிடவில்லை.

"நாங்க என்ன தப்புப் பண்ணோம்?" என்று தேம்பினார் தலைமைக் கணக்கர்.

வெள்ளிக்கிழமை. சரியாகப் பதினொரு மணிக்கு அதிகாரி உள்ளே வந்தார். குமாஸ்தா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். முதுகில் சுளீர் என்றது.

"அம்மாடி!" எழுந்துவிட்டார். கையும் தானாக மேலே போயிற்று.

நாற்பது பேரும் எழுந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும். ஜன்னல் வெளிச்சம் அத்தனை உள்ளங்கைகளிலும் விழுந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்த குமாஸ்தாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடேயப்பா, என் ஒரு முதுகுக்கா இத்தனை பேர்! அதிகாரி பையைக் கீழே வைத்தார். மெல்ல அவரும் கைகளைத் தூக்கினார்.

"இப்படி ஒரு ஒத்துமைய நான் எங்கயும் பாத்ததில்ல," என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோப்புகளைத் தூக்கிக் கோப்பறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார் குமாஸ்தா. கீல் மாட்டிக்கொண்டிருந்த தச்சரிடம் கதையைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன் எதுக்குன்னு ஒருத்தராவது கேக்கணுமே! ஒருத்தன் செஞ்சா ஊரே செய்யுது. என்ன ஜனங்கப்பா!"

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சார், இந்த வாசல் முன்ன தாழ்வா இருந்துச்சு, தலை இடிக்கும். பத்து வருசம் முன்னாடியே நான்தான் ஏழடிக்கு ஒசத்திட்டேனே. நான் வந்ததுலேருந்து ஆறு தடவ குனிஞ்சுட்டீங்க... முதுகு வலிக்கல?"