இளவழகனுக்கு உயிர் கேட்டு

அன்பு மருமகன் பகலவனுக்கு,

குத்தாலத்திலிருந்து மாமா மருதையன் எழுதுவது. இங்கு நான், உன் அத்தை, உன் கதையில் செத்துப்போன என் மகன் இளவழகன் மூவரும் நலம். உன் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் முடிவில்தான் சொல்ல முடியும்.

இளவழகன் டிரம் அடிக்கிற, ஊரே கொண்டாடுகிற 'வாய்க்கால் பாய்ஸ்' குழுவை உன் விண்வெளித் தொடர்கதையில் சேர்க்கட்டுமா என்று நீ கேட்டபோது சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். செவ்வாய்க் கிரகத்தில் காதுகுத்துக்குப் பாடினார்கள், பெருமைப்பட்டேன். சனிக் கிரகத்தில் மூன்று கண் உள்ள பச்சைப் பெண் ஒருத்தியை இவன் காதலித்தான், உன் அத்தையிடம் காட்டாமல் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விண்கலத்தை வெடிக்கவைத்து இவனை மட்டும் சாகடித்தாயே, அது எந்த ஊர் நியாயம்? ரசிகர்கள் கடைத்தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இவன் போட்டோ, இவன் பெயர், கீழே மீளாத் துயரில் நாற்பது பேர். கதை என்று ஒரு வரி இல்லை. பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்த என் சின்னம்மா நாகம்மாள் மாலையும் கையுமாக வாய்க்கால் மதகிலேயே ஒப்பாரியை ஆரம்பித்து வாசலுக்கு வந்தால், செத்தவன் தோசை தின்றுகொண்டிருக்கிறான். பாதியில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று முழுதையும் பாடி முடித்துவிட்டுத்தான் காபி வாங்கிக்கொண்டார். மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதாம், உயிரோடு இருப்பவனுக்கும் போடக் கூடாதாம். கடைசியில் மோட்டார் பம்புக்குப் போட்டோம். மறுநாள் அது ஓடவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மயிலாடுதுறைச் சம்பந்தி கலியபெருமாள் போன் செய்ததைத்தான் அப்படி விட முடியவில்லை. "போஸ்டர் ஒட்டின பையனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கிறது? பத்திரிகை அடிக்கிறத நிறுத்தி வைங்க" என்கிறார். முப்பத்து நான்கு வயதில் டிரம் அடிக்கிறவனுக்கு அமைந்த ஒரே பெண் அவர் மகள் பூவிழி. இவனுக்கும் அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று நாளாக டிரம் குச்சியைத் தொடவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, பகலவா. ஆகவே வெள்ளிக்கிழமை வரும் அத்தியாயத்தில் இவனை எப்படியாவது பிழைக்கவை. உனக்கு இல்லாத விஞ்ஞானமா?

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது இருந்து எழுது, யாரையும் கொல்லாமல்.

உன் மாமா,
மருதையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பூவிழியே போன் செய்தது. அப்பாவைச் சம்மதிக்கவைத்துவிட்டதாம், தை மாதம் கல்யாணம். பன்னிரண்டு அத்தியாயமும் படித்திருக்கிறது. "கதையில அவரைப் பொழைக்க வைக்கச் சொல்லிடாதீங்க மாமா. பொழைச்சா அந்த மூணு கண்ணுக்காரி விடமாட்டா" என்றது. ஆகவே உயிர் வேண்டாம். அடுத்த அத்தியாயத்திலேயே பதினாறாம் நாள் காரியத்தையும் முடித்துவிட்டு, அந்தப் பச்சைப் பெண்ணுக்கும் தூரத்துக் கிரகமாக ஒரு நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுத்துவிடு.