என் வீட்டுக்காரர் மேடையேறிய மத்தியானம்

பக்கத்து வீட்டுக்காரியின் சேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை எனக்குப் புரியும். ஓரகத்தி பிரஷர் குக்கர் வாங்கிவிட்டாள் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்ட ஒருத்தியை எனக்கு நேரிலேயே தெரியும். அதெல்லாம் ஊர் உலகத்தில் உள்ள பொறாமை. என்னுடையது வேறு ரகம். நான் பொறாமைப்பட்டது தாலி கட்டிய சொந்தப் புருஷனைப் பார்த்து. அதுவும் கல்யாணமான புதிதில், இரத்தினபுரியில், ஒரு மைதானம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால், ரொக் கச்சேரி மேடையில் ஏறி நின்று.

முதலில் அந்த இசைக்குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (வீட்டில் இப்போது யாரும் இதைக் கேட்பதில்லை. “ஆரம்பிச்சிட்டாங்க” என்று எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.) அவர்கள் பெயர் ‘ரஸ்டி கேட்ஸ்’. துருப்பிடித்த கேட்டுகள் என்று அர்த்தம். கொழும்புப் பையன்கள், சிங்களத்தையும் இங்கிலீஷையும் கலந்து பாடுவார்கள். “பேருக்கேத்த மாதிரிதான் இருக்கு. எண்ணெ போடாத கேட்டு கத்துறாப்ல” என்பது என் அப்பாவின் விமர்சனம். அப்பாவுக்கு இசை ஞானம் கிடையாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிப் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு நான் பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். வெறும் கசட்டைக் கொண்டுவருவார்கள். கேட்கிற பாட்டுகளைப் பதிந்து கொடுக்க வேண்டும். கசட்டின் கடைசியில் எப்போதும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் நான் ரஸ்டி கேட்ஸைப் பதிந்துவிடுவேன். இசை வளர வேண்டாமா? அப்படித்தான் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மன் பாட்டு முடிந்த கையோடு, ஒலிபெருக்கியில் எலெக்ட்ரிக் கிட்டார் அலறி, சாமியாடிக்கொண்டிருந்தவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு “யாருடா அது?” என்று கேட்டாராம். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். அவர் என்னைக் கூப்பிட்டு, “மகள், ஒங்கட விருப்பத்த ஊட்டுல வச்சிக்கோங்க” என்றார்.

அவர்களுடைய முதல் கசட் ‘டின் ரூஃப்’. தகரக் கூரை. அப்படி ஒரு கசட் இந்த நாட்டில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை. பாடகரின் குரல், ஒரு பிடி சரளைக்கல்லைத் தொண்டையில் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். கிட்டார் கொர்ரென்று இழுபடும். தோட்டத்து லயத்து வீடுகளின் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காதல்லவா, அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கொழும்பில் யாரோ எங்கள் கூரையைப் பற்றியே பாடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது கசட்டில் கீபோர்ட் வந்தது. அன்று நான் பகல் சாப்பாடு சாப்பிடவில்லை. சந்தியில் பாண் ரொட்டி விற்க வருகிற முச்சக்கரவண்டியின் டிங் டிங் பாட்டை எடுத்து ரொக்குக்குள் நுழைத்தது போல இருந்தது. மூன்றாவது முழுக்கக் காதல். அதில் போய்விட்ட கடைசி பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. பாதிக்கு மேல் வார்த்தையே கிடையாது, “லல லா” என்று குழைவார்கள். நான்காவது ஆல்பம் சீடியாக மட்டும் வந்தது. எங்கள் வீட்டில் சீடி பிளேயர் இல்லை. ஆகவே அது மட்டமான ஆல்பம் என்று தீர்மானித்திருந்தேன்.

கச்சேரிகளைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பார்த்தவர்கள் யாராவது கடைக்கு வந்தால் எனக்கு வயிறு எரியும். ஒருமுறை ரஸ்டி கேட்ஸின் படம் போட்ட டீ ஷர்ட்டோடு ஒரு கொழும்புப் பையன் வந்து, மூன்று கச்சேரி பார்த்திருப்பதாகப் பெருமையடித்தான். அவன் கேட்ட பாட்டுகளை எல்லாம் சத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பதிந்து கொடுத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் அவன் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவில் பாடகர் கூட்டத்திலிருந்து ஓர் ஆளை மேடைக்குக் கூப்பிடுவாராம். “எங்கள் கசட்டில் எது பிடிக்கும்?” என்று கேட்பாராம். பிறகு அந்த ஆளோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து நான் கண்ணாடி முன் நின்று சிங்களத்தில் பதில் சொல்லிப் பழகினேன். பதில் கொஞ்சம் நீளம். கீபோர்டைப் பற்றிய கண்டனமும் அதில் சேர்ந்திருந்தது.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவர். பெயர் சந்திரன். தங்கமான மனிதர்; ஆனால் எதைப் பற்றியும் கருத்தே இல்லாதவர். ரசம் எப்படி என்றால் “நல்லா இருக்கு” என்பார். டின் ரூஃப் எப்படி என்றாலும் “நல்லா இருக்கு”. ரஸ்டி கேட்ஸ் எந்த இடத்தில் கெட்டுப்போனார்கள் என்று விளக்குவதற்காக அவருக்கு மூன்றாவது கசட்டை அடிக்கடி போட்டுக் காட்டுவேன். என் விளக்கம் முடிவதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

சண்டையை நிறுத்திவிட்டுச் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வெளியூர்களிலும் கச்சேரி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். இரத்தினபுரிக்கு ரஸ்டி கேட்ஸ் வருகிறார்கள் என்ற போஸ்டரை பலாங்கொடை பஸ் நிலையத்தில் பார்த்தபோது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் தள்ளிப் போகும் அளவுக்குக் கத்திவிட்டேன். தனியாக அனுப்ப மாட்டார்கள். ஆகவே என் வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். கையில் மாமியார் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல், கக்கத்தில் பெரிய கறுப்புக் குடை.

“என்னாங்க, ரொக் கச்சேரிக்கு யாராவது கொடை கொண்டுட்டு வருவாங்களா?”

“இரத்தினபுரிக்குப் போறோம் புள்ள. மழைக்கு என்னா கச்சேரி தெரியும்?”

சாயங்காலம் மழை வரும் என்று கச்சேரியை மத்தியானமே வைத்திருந்தார்கள். மழை அதற்கும் முந்திக்கொண்டது. நான் நனைந்தபடி மேடைக்கு நேர் கீழே முண்டியடித்து நின்றேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால், மைதானத்திலேயே ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் மேடையைப் பார்க்க முடியாமல் திட்டினார்கள். அதுவும் அவர் காதில் விழவில்லை.

பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார். ஓர் ஆளைக் கூப்பிடப்போகிறேன் என்றார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவருடைய விரல் என்னை நோக்கி நீண்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏணிப்படியை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.

“நங்கி நெவெய்!” என்றார் அவர். தங்கச்சி, நீயில்லை. “அர குடே தியென அய்யா!” அந்தக் குடை வைத்திருக்கிற அண்ணன்.

கூட்டம் திரும்பியது. யாரோ என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி எழுப்பினார்கள். தூரத்திலிருந்து ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டால் ஒரு டிரைவருக்கு என்ன தோன்றும்?

“வாகனத்த எடுக்கச் சொல்றாங்க போல” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சோற்றுப் பார்சலை என் கையில் திணித்து, விரித்த குடையோடு மேடையேறிவிட்டார்.

மேடையில் பாடகர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: “அய்யே, எங்க கசட்டில எது ரொம்பப் பிடிக்கும்?”

நான் கீழேயிருந்து “மொதலாவது! மொதலாவதுன்னு சொல்லுங்க!” என்று கத்தினேன். கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. “மூனாவது. அந்தக் கடைசி பஸ் பாட்டு. அதப் போட்டா அருமையான தூக்கம் வரும்.”

மைதானமே அதிர்ந்து சிரித்தது. பாடகர் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். “இத்தனை நாளில் உண்மை பேசின முதல் ரசிகர்!” என்று அறிவித்துவிட்டு, அந்தக் கடைசி பஸ் பாட்டையே ஆரம்பித்தார். இருவரும் ஒரே குடைக்குள். கூட்டம் முழுக்கக் கையை அசைக்கிறது. கொடுமை என்னவென்றால், என் வீட்டுக்காரர் “லல லா”வைச் சுருதி தப்பாமல் பாடினார். நான் திட்டுவதற்காகப் போட்டுக்காட்டிய பாட்டு, தூக்கத்திலேயே அவருக்குள் இறங்கியிருக்கிறது.

எனக்குள் என்ன நடந்தது என்று விளக்க முடியாது. பச்சைக் கொழுந்தைப் பிடி பிடியாக வாயில் அடைத்து மென்றது போல நெஞ்செல்லாம் கசந்தது. கண்ணாடி முன் நின்று நான் பழகிய பதில் என்ன, கடையில் நான் வாங்கிய திட்டு என்ன! கட்டிக்கொண்டவருக்கு நல்லது நடந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று கல்யாணத்தன்று பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். ரொக் கச்சேரியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சோற்றுப் பார்சலோடு ஏணியில் ஏறினேன். பாடகரின் மைக்குக்குப் பக்கத்தில் போய்த் தமிழில் கத்தினேன்:

“அவருக்கு ஒன்னுமே தெரியாதுங்க! அவரு தூங்க வந்தவரு! நாந்தான் ரசிகை!”

பழகிய சிங்களப் பதிலில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. இன்னும் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். காலில் ஒரு வயர் சுற்றியது. விழாமலிருக்க எதையோ பிடித்தேன். நான் பிடித்தது கீபோர்டின் காலை. கீபோர்ட் சரிந்து, மேடை விளிம்பில் ஒரு கணம் யோசித்து, பொத்தென்று சேற்றில் விழுந்தது. வயர் எங்கேயோ பிடுங்கிக்கொண்டு எல்லாச் சத்தமும் அடங்கியது. கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்த டிரம்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு நிறுத்தினார்.

சமாதான காலம்தான். ஆனாலும் ஒருத்தி மேடையில் ஏறித் தமிழில் கத்துகிறாள், கையில் பார்சல், அடுத்த கணம் எல்லாம் அணைந்துபோகிறது என்றால் ஜனத்துக்கு என்ன தோன்றும்? குண்டுதான். முன்வரிசை பின்னால் நகர்ந்தது. ஒரு குழந்தை அழுதது. கான்ஸ்டபிள் ஒருவர் ஓடி வந்து, சற்றுத் தூரத்திலேயே நின்று, “பார்சலைக் கீழே வை!” என்றார். வைத்தேன். “திற!” என்றார். வாழையிலையைப் பிரித்தால் சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். மாமியாரின் கருவாட்டுப் பொரியல் வாசம் மேடை முழுக்கப் பரவிய பிறகுதான் கான்ஸ்டபிளின் தோள் தளர்ந்தது. இருந்தாலும் அடையாள அட்டையைக் கேட்டார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் நிதானமாக வந்து, குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கான்ஸ்டபிளிடம் சிங்களத்தில் சொன்னார்: “சேர், இவங்க சொன்னது நெசம். இவங்கதான் ரசிகை. நான் சோறு தூக்கிட்டு வந்தவன். மொதல்ல என்னையக் கூப்பிட்டதுதான் தப்பு.”

பாடகர் சிரித்துவிட்டார். என் பக்கம் குனிந்து, “உனக்கு எந்தக் கசட் பிடிக்கும், நங்கி?” என்று கேட்டார். கடைசியில் கேட்டுவிட்டார்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டின் ரூஃப்” என்றேன். “அந்தக் கரகரப்பு... அந்தக் கிட்டார்...”

அவர் முகத்தைச் சுளித்தார். “ஐயோ, அதுவா! எனக்கு அப்போது கடும் தடிமன், தொண்டை கட்டியிருந்தது. இரவல் வாங்கின ஆம்ப்ளிஃபயர் பழுது. அதைக் கேட்டாலே எங்களுக்கு வெட்கம். இருக்கிற கசட்டை எல்லாம் எரித்துவிடலாம் போலிருக்கும்” என்றார். சொல்லிவிட்டு ஒரு பேனாவை எடுத்து, என் வீட்டுக்காரரின் குடையை மடக்கச் சொல்லி, அதன் மரப்பிடியில் அன்போடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சேற்றிலிருந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மட்டும் எங்களோடு பேசவே இல்லை.

பஸ் நிலையம் வரை கொட்டுகிற மழை. குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என் வீட்டுக்காரர் நனைந்தபடி நடந்தார்.

“விரிங்களேன், சளி புடிக்கப் போகுது.”

“மை அழிஞ்சிறும் புள்ள. பெரிய ஆளு போட்ட கையெழுத்து. இந்தா, இத நீயே வச்சிக்க.”

“ஒங்களுக்குப் போட்டது எனக்கெதுக்கு?”

பஸ் பாதி வழி வந்து பெல்மதுளை தாண்டும்வரை நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை, தூங்கிவிட்டார்.

அடுத்த வருடம் ரஸ்டி கேட்ஸின் கச்சேரிக் கசட் ஒன்று வெளிவந்தது. வெளியூர்க் கச்சேரிகளில் பதிந்தவற்றிலிருந்து தொகுத்தது. கடையில் நான்தான் பெட்டியைப் பிரித்தேன். இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு, கடைசி பஸ். குடைக்குள் இருவர் குரல், “லல லா”, திடீரென்று ஒரு பெண் குரல்: “அவரு தூங்க வந்தவரு! நாந்தான் ரசி—” அதோடு டொக் என்று நிற்கிறது. கசட் முடிந்தது. நானா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார். உள்ளட்டையில் நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கல்ல. ‘இரத்தினபுரி குடை அண்ணாவுக்கு’.

ஒரு ரசிகை என்ற முறையில் அந்தக் கசட்டைப் பற்றிய என் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பதிவு சுமார். பாட்டுகளின் வரிசை தப்பு. கீபோர்ட் அதிகம். ஆனால் மொத்தக் கசட்டிலும் உள்ளத்திலிருந்து வந்த குரல் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் ‘ரசி’யோடு வெட்டிவிட்டார்கள்.

இப்போது பலாங்கொடை டவுனிலேயே வீடு எடுத்து இருக்கிறோம். மகள் பெரியவளாகிவிட்டாள். அவள் பிறப்பதற்கு முன் நடந்த கதைதான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவளைப் போலத் தன் கூட்டாளிகளுக்கு நடித்துக் காட்டுவாள். வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுதிரியைத் தேடுவதில்லை. முதலில் அவள் குரல்தான் வரும்:

“அம்மா, மேடைய விட்டு எறங்குங்க!”

அடுத்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர் “லல லா” என்று ஆரம்பிப்பார். சுருதி இன்னமும் தப்புவதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.