எட்டு வால்வுகளும் இரண்டு காதுகளும்

நியூ ஜெர்சி மாநிலம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் வால்வு சாரைப் போல் அஞ்சி வாழ்ந்த ஒருவரைக் கண்டிருக்க இயலாது. திருடருக்கு அவர் அஞ்சியதில்லை, பனிப்புயலுக்கும் அஞ்சியதில்லை. தும்மலுக்கு அஞ்சினார். தம் பேஸ்மென்ட்டில் யாரேனும் தும்மினால் அலமாரியில் உள்ள வால்வுகள் அதிர்ந்து ஆயுள் குறையும் என்பது அவர் கட்சி.

வால்வு என்பது, டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோப் பெட்டிகளுக்குள் செம்மஞ்சளாக ஒளிர்ந்த கண்ணாடிக் குமிழ். தொண்ணூறுகளில், பிஸ்கட்டவே என்ற ஊரில் நாங்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தபோது, தம் ஆம்ப்ளிஃபையருக்கென்று அவர் எட்டு வால்வுகள் வைத்திருந்தார். நான்கு, ஐரோப்பாவில் எப்போதோ மூடப்பட்ட ஆலையொன்றில் செய்யப்பட்ட பழையவை. மற்ற நான்கு, அதே பெயரும் அதே உருவமும் கொண்டு அண்மையில் மீண்டும் தயாரிக்கப்பட்டவை. பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவே புதியவற்றை வாங்கியிருந்தார். ஒப்பீடு ஆண்டுக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது.

“பழசுல மிருதங்கம் தோல் சார். புதுசுல பிளாஸ்டிக் பக்கெட்,” என்பார். “கண்ணை மூடிக்கோங்க. தெரியுதா?”

தெரிகிறது என்று தலையசைப்பேன். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்ன ஒரு பல் மருத்துவர் அன்று காபியின்றியே வீடு திரும்பினார்.

ஒருமுறை பழைய நான்கையும் எடிசன் என்ற பக்கத்து ஊரில் இருந்த நண்பருக்குக் காட்டப் புறப்பட்டபோது, அவற்றைப் பஞ்சில் பொதிந்து, குழந்தைகளுக்கான கார் சீட்டில் அமர்த்தி, பெல்ட்டும் மாட்டினார். ஃப்ரீவேயில் முப்பதே மைல் வேகம். ஐயுற்று நிறுத்திய காவலர் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வால்வு சார் உதட்டின்மேல் விரலை வைத்து, கதவை மெதுவாகச் சாத்தும்படி அவரையே வேண்டிக்கொண்டார்.

அவருடைய மனைவி வசந்தா அம்மையாருக்கோ வேறோர் அச்சம். ஓராண்டாகவே கணவருக்கு வாசல் மணி கேட்பதில்லை. பக்கத்திலேயே குக்கர் ஏழு விசில் அடித்தாலும் பேப்பரிலிருந்து தலை நிமிர்வதில்லை. காது டாக்டரிடம் போகலாம் என்று அம்மையார் சொல்லும்போதெல்லாம் ஒரே விடைதான்: “பழைய வால்வுக்கும் புது வால்வுக்கும் வித்தியாசம் சொல்ற காதுக்கு டாக்டர் எதுக்கு வசந்தா?”

இந்நிலையில் ஆயுத பூஜை வந்தது. சுண்டலுக்காக நான் சென்றபோது, ஸ்க்ரூடிரைவர், கார் சாவி, கம்ப்யூட்டர் கீபோர்டு ஆகியவற்றின் நடுவே எட்டு வால்வுகளும் சந்தனமும் குங்குமமும் அணிந்து வரிசையாக வீற்றிருந்தன. வால்வு சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழையது எது, புதியது எது என்று காட்டிய பொன்னிற எழுத்துகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“அழுக்கா இருந்துது. ஈரத்துணியால துடைச்சேன்,” என்றார் அம்மையார்.

“அது அழுக்கில்ல வசந்தா. அது பேரு.”

கண்ணாடிக்குள் உச்சியில் ஒரு சிறு உலோக வளையம் உண்டு. பழையதில் சதுரம், புதியதில் வட்டம். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆகவே, “லென்ஸ் வெச்சுப் பார்த்துடலாமே சார்,” என்றேன்.

“லென்ஸ் எதுக்கு?” என்று அம்மையார் குறுக்கிட்டார். “காதே போதும்னு ஊர் பூரா சொன்னீங்களே. கேட்டுச் சொல்லுங்க. எட்டும் கரெக்டா இருந்தா, இனிமே உங்க காதைப் பத்தி நான் வாயே திறக்கல. ஒண்ணு தப்பினாலும் அப்பாயின்ட்மென்ட்.”

“ஃபிக்ஸ் பண்ணு டெஸ்ட்டை,” என்றார் வால்வு சார். குரலில் வீரம் இருந்தது. கை சுவரை விடவில்லை.

பூஜையில் வைத்ததை அன்று எடுத்துப் பயன்படுத்தலாகாது. எனவே மறுநாள் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் மூன்று முறை எனக்குத் தொலைபேசியில் அழைப்பு. “ஒண்ணுமில்ல சார். நீங்க பேசறது எனக்குக் கேக்குதான்னு பார்த்தேன்.”

விஜயதசமியன்று நான் நடுவரானேன். அவருடைய முதுகுக்குப் பின்னால், லென்ஸில் வளையத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வால்வை மாற்றுவது என் பணி. ஒவ்வொன்றும் ஆறவும், அடுத்தது சூடேறவும் காத்திருக்க வேண்டும். அதே இசைத்தட்டு, அதே தனி ஆவர்த்தனம்.

“பழசு,” என்றார். சரி. “புதுசு.” தவறு. ஐந்தாவதில் தலையை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். ஏழாவதில், காதைக் கைவிட்டு என் முகத்தைப் படிக்கத் திரும்பினார். நான் அவசரமாகச் சுவரைப் பார்த்து நின்றேன்.

“எத்தனை சார்?”

ஒரு பொய் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அம்மையார் என்னைப் பார்க்கவில்லை. தம் கணவரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு,” என்றேன்.

அவர் இசைத்தட்டின் மேலிருந்த ஊசியைத் தூக்கினார். பிறகு, “எட்டுக்கு நாலுன்னா, காசு சுண்டிப் போட்டாலே வரும்,” என்று தாமே தீர்ப்பளித்து, ஆம்ப்ளிஃபையரை அணைத்தார்.

காது டாக்டரிடம் நானும் உடன் வந்தால்தான் போவேன் என்றார், போனேன். சில வாரங்களில், டிரான்சிஸ்டர் பெட்டியை வீட்டுக்குள் அனுமதியாத அம்மனிதரின் இரு காதுகளுக்குள்ளும், கேட்கும் கருவி என்ற பெயரில், டிரான்சிஸ்டர்களைப் பொருத்திவிட்டார்கள். “இதே வால்வுல வருமான்னு கேளுங்க சார்,” என்று என்னிடம் கிசுகிசுத்தார். கேட்டேன். கருவியைப் பொருத்திய பெண்மணி சிறிது யோசித்து, இப்போதைக்கு இல்லை என்று மரியாதையாகவே சொன்னார்.

திரும்பும் வழியில் நான் காரை ஓட்ட, அவர் ஒவ்வொரு ஒலியாக எண்ணிக்கொண்டு வந்தார்: டயர், வைப்பர், சாவிக்கொத்து. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க மூச்சு விடறப்போ உள்ளே ஏதோ கீச்சுங்குது. எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“பயம் சார்.”

மறுவாரம் அவர் தாமே நேரம் குறித்து என்னை அழைத்துச் சென்றார். மருத்துவமனையில் என் பெயரைக் கூப்பிட்டபோது, நாற்காலியிலிருந்து முதலில் எழுந்தவர் அவர்தான்.