ஒரு செக்கனுக்கு ஒரு படம்

ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் நான் ஏ9 வீதியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு அதே ஒலிபெருக்கி என்னை ‘ஒளிப்பதிவாளர் அவர்கள்’ என்று கூப்பிட்டது. இப்போது வெறும் பெயர்தான். பெயருக்குப் பின்னால் கூட்டத்தில் இருந்து வந்த சொற்களை இங்கே எழுத முடியாது.

(மற்றச் செருப்பு சவாரித் திடலில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கிற அளவுக்கு அது நல்ல செருப்பும் இல்லை.)

இப்படிப் பல இடங்களில் இருந்து நடந்து போனவன் நான். வவுனியாவில் ஓர் அரிசி ஆலை, மன்னாரில் உப்பு அள்ளும் வேலை, கொழும்பில் ஒரு புடைவைக்கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே குடியிருந்ததால், படிக்கப் போவதற்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கவில்லை. பிறகு யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த வேலையையும் இரண்டு நாளில் பழகிவிடுவேன். மூன்றாம் நாள் எல்லாம் தெரியும் என்று நினைப்பேன். அதன் பிறகு நடைதான். கமரா வேலையில் மட்டும் பதினொரு நாள் தாக்குப் பிடித்தேன்.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அப்போது நான் நெல்லியடியில் அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு உலகத்தில் இரண்டு சொத்து: ஒரு சோடிச் சவாரி மாடு. வண்டில் சவாரி என்றால் இரண்டு வண்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொன்றிலும் இரண்டு மாடு பூட்டியிருக்கும். முடிவுக் கோட்டை முதலில் தாண்டுகிற சோடிக்கு வெற்றி. அத்தான் ஆறு வருடமாக ஓடி ஆறு வருடமும் தோற்றவர். அந்த வருடந்தான் முதல் தடவையாக இறுதி ஓட்டத்துக்கு வந்திருந்தார். கோப்பை வரும் என்ற நம்பிக்கையில் அக்கா சோகேசின் மேல்தட்டைத் துடைத்து, அங்கே இருந்த பொம்மைகளை எல்லாம் அலுமாரிக்குள் போட்டுவிட்டாள்.

கனடாவில் இருக்கும் தன் தம்பிமார் பார்க்க வேண்டும் என்று அத்தான் நான் வேலை செய்த ஸ்ரூடியோவின் முதலாளியிடம் வீடியோவுக்குச் சொல்லியிருந்தார். முதலாளிக்கு அன்று ஒரு கலியாண வீடு. என்னைத் தனியே அனுப்பினார். கமராவைத் தரும்போது அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

“இருபத்தஞ்சிலை விட்டிருக்கிறன். அதிலை கை வைக்காதை. சிவப்புப் பொத்தானை அமத்திப்போட்டுப் பேசாமல் நில்.”

எது இருபத்தைந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

திடலுக்குப் போனதும் அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். மாடுகளின் கொம்புக்குப் பூச் சுற்றியிருந்தார்.

“தம்பி, என்ரை மாடு பறக்கிற மாதிரி எடு. கனடாவிலை இருக்கிறவங்கள் வாயைப் பிளக்க வேணும்.”

இதுதான் என்னைக் கெடுத்தது. பறக்கிற மாதிரி எடுப்பது எப்படி? கமராவின் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் எண்கள் வரிசையாக இருந்தன. நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு, ஆறு என்று இறங்கி இறங்கி ஒன்றில் போய் நின்றது. பரிசோதனைக்கு ஒரு சேவல் அகப்பட்டது. நூறில் வைத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பிரதம விருந்தினர் மேடைக்கு நடப்பதுபோலச் சேவல் ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்தது. பன்னிரண்டில் கொஞ்சம் சுறுசுறுப்பானது. ஒன்றில் வைத்தேன். வேலியில் நின்றது, கிடங்கடியில் நின்றது, ஆளையே காணவில்லை.

எனக்குப் புல்லரித்தது. எண் கூடினால் வேகம் குறையும், எண் குறைந்தால் வேகம் கூடும். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் இதைத்தான் இவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்தார்கள். ஒன்றிலேயே வைத்துவிட்டு, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றினேன்.

(அந்த எண்கள் ஒரு செக்கனில் கமரா எத்தனை படம் எடுக்கிறது என்பதைச் சொல்பவை. வீடியோ என்பதே வேகமாகத் தள்ளிப் பார்க்கிற படங்கள்தான். போட்டுக் காட்டும்போது கமரா எப்போதும் செக்கனுக்கு இருபத்தைந்து படம் காட்டும். நூறு எடுத்தால் அதைக் காட்ட நாலு செக்கன் ஆகும், ஆகவே சேவல் மெதுவாக நடக்கும். ஒன்றே ஒன்று எடுத்தால் இருபத்தைந்து செக்கன் சேவல் ஒரு செக்கனில் போய்விடும். நடுவில் அது செய்தது எதுவும் கமராவில் இராது. இதெல்லாம் பிறகு வந்த ஞானம்.)

எதிர்ச் சோடி சின்னராசா அண்ணையினுடையது. சாவகச்சேரிப் பக்கத்து ஆள், நாலு தரம் கோப்பை எடுத்தவர். கொடி விழுந்தது. இரண்டு வண்டிலும் ஒன்றை ஒன்று உரசுவதுபோல வந்தன. கோட்டடியில் ஒரு நாற்பது பேர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எட்டுக் கொம்பும் நேரே தங்களை நோக்கி வருவதைக் கண்டதும் நாற்பது தொலைபேசிகளும் ஓடின. பிறகு பார்த்தபோது அவற்றில் புழுதியும் வானமும் யாரோ இடுப்பில் கட்டியிருந்த சாரமும் மட்டுமே இருந்தன. ஓடாமல் நின்றது என் கமரா ஒன்றுதான். நானும் ஓடிவிட்டேன். செருப்பு கழன்றது அப்போதுதான்.

கோட்டின் இடது பக்கம் நின்ற நடுவர் அத்தான் என்றார். வலது பக்கம் நின்றவர் சின்னராசா என்றார். ஒலிபெருக்கி இரண்டு பேரையும் வெற்றியாளராக அறிவித்தது. இரண்டு பக்கத்தாரும் வெடி கொளுத்தினார்கள். அத்தானின் ஆட்கள் சந்தோசத்தில் மாடுகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு சண்டை தொடங்கியது. இரண்டு பேர் சேட்டைக் கழற்றிவிட்டார்கள். அப்போதுதான் யாரோ கமராவைக் காட்டினார்கள்.

ஒலிபெருக்கி ‘ஒளிப்பதிவாளர் அவர்கள்’ என்று சொன்னது அந்த நேரந்தான். கூட்டம் விலகி வழி விட்டது. எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். குடிக்கச் சோடா தந்தார்கள். என்னை யாரும் கதிரையில் இருக்கச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அத்தான் என் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

போட்டேன். முழு ஓட்டமும் இரண்டு செக்கனில் முடிந்தது.

சவாரிச் சங்கத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். திரும்பவும் இரண்டு செக்கன். அதற்குள் ஒரு நாய் மூன்று இடத்தில் நின்றது. தலைவரே இரண்டு இடத்தில் நெற்றியைத் துடைத்தார். வீடியோவில் சத்தம் என்ற ஒன்றே இல்லை.

“உது என்னடாப்பா, மாடு எங்கை?” என்றார் தலைவர்.

ஒவ்வொரு படமாக நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். வண்டில்கள் தெளிவாகத் தெரிந்த படங்கள் இரண்டே இரண்டு. முதலாவதில் கோட்டுக்கு இன்னும் நாலு பாகம், ஓர் இருபத்து நாலு அடி, இருக்கிறது. அத்தானின் மாடுகள் ஒரு மூக்கு முன்னால். அடுத்ததில் இரண்டு சோடியும் கோட்டைத் தாண்டிவிட்டன. சின்னராசா அண்ணையின் மாடுகள் அரைக் கழுத்து முன்னால். கோடு அந்த இரண்டு படங்களுக்கும் இடையில் எங்கேயோ கிடந்தது.

தலைவர் முன்னுக்கும் பின்னுக்கும் தட்டித் தட்டி நடுப்படத்தைத் தேடினார். கமராவைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

“தம்பி, நடுவிலை இருந்ததை அழிச்சுப் போட்டியோ?”

“இல்லை ஐயா. அதை எடுக்கேல்லை.”

“ஏன் எடுக்கேல்லை?”

இந்தக் கேள்விக்கு இன்று என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. அன்று நான் சொன்னது, மாடு பறக்க வேண்டும் என்பதற்காக என்று. அத்தானின் கை என் தோளில் இருந்து மெல்ல எழுந்து போனது.

மறுபடி ஓடித் தீர்ப்பது என்று முடிவானது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்த மாடுகள் எப்படி ஓடும்? அத்தானின் சோடி பாதித் திடல்வரை மரியாதையாக நடந்து வந்தது. பிறகு இடது மாடு நின்ற நிலையில் நீண்ட நேரம் மூத்திரம் பெய்தது. அதற்குள் சின்னராசா அண்ணைக்கு மாலை போட்டுவிட்டார்கள். அத்தான் வண்டிலில் இருந்து இறங்கினார். மாட்டை விரட்டுகிற துவரந்தடி கையில்தான் இருந்தது. மாட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கமராவைக் கதிரையில் பத்திரமாக வைத்துவிட்டு நான் நடக்கத் தொடங்கினேன்.

இதுதான் எங்கள் வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற கதை. பிள்ளைகள் கடைக்குப் போனால் அக்கா “ஒண்டிலை போட்டு வா” என்றுதான் அனுப்புவாள். நான் ஆறுதலாகச் சாப்பிட்டால் “மாமா நூறிலை சாப்பிடுறார்” என்பார்கள். அத்தான் மட்டும் சிரிப்பதில்லை. நான் சின்னராசாவிடம் கைநீட்டிவிட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்பது அவருடைய முடிவு. ஒரு சதமும் வாங்கவில்லை என்று வல்லிபுரக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அடுத்த நாள் காலையைப் பற்றி நான் அவரிடம் முழுதாகச் சொன்னதில்லை.

அன்றிரவு சாவகச்சேரி பஸ் நிலையத்து வாங்கில் படுத்தேன். அது எனக்குப் புதிதில்லை. காலையில் சந்தைப் பக்கம் ஏதாவது மூட்டை இறக்கக் கிடைக்குமா என்று நின்றபோது ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து எனக்கு முன்னால் நின்றது. சின்னராசா அண்ணை.

“நேற்றுக் கமரா பிடிச்சது நீதானே?”

ஓம் என்றேன். ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன், ஓடுவதற்கு வசதியாக.

“ஓடாதை, கேள். உன்ரை அத்தானின்ரை மாடுதான் முதல் வந்தது. எனக்குத் தெரியும், நான் பின்னாலை இருந்து பாத்துக்கொண்டு வந்தனான். கோட்டைத் தாண்டினாப் பிறகுதான் என்ரை முந்தினது.” அக்கம்பக்கம் பார்த்தார். “உதை எங்கையும் கதையாதை. மாடு பாக்க ஒரு ஆள் தேவை. வாறியோ?”

உடனே தலைவர் வீட்டுக்கு ஓடிப் போய் உண்மையைச் சொல்லி, கோப்பையை வாங்கி அத்தானிடம் கொடுத்திருக்கலாம். நல்ல மனிதன் அப்படித்தான் செய்வான். நான் லாண்ட்மாஸ்ரரில் ஏறினேன். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி என் கையில் ஆறு முட்டை தந்தார். நாலு முட்டை மாடுகளுக்கு உடைத்துப் பருக்க, இரண்டு எனக்குப் பொரிக்க. முதல் நாள் காலைக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நியாயத்தை யோசிக்க நிறைய நேரம் வேண்டும். முட்டை பொரிய அவ்வளவு நேரம் எடுக்காது.