மீன் அறைக்குள் ஒரு கெட்டில்

மனிதர்களில் எத்தனையோ இனம் பார்த்திருப்பீர்கள். அழைத்தால் வராதவர், அழைக்காமல் வருபவர், வந்தால் போகாதவர். அவர்களையெல்லாம் ஓரமாக உட்கார வையுங்கள். இன்று நான் காட்டப்போவது 'எதுக்கும் இருக்கட்டும்'காரரை. அடுத்த தெருவுக்குக் கிளம்பினாலும் குடை, கம்பளி, கயிறு, டார்ச் லைட், இன்னொரு டார்ச் லைட் என்று எடுத்துக்கொள்வார். முதல் டார்ச் லைட்டைத் தேட இரண்டாவது வேண்டுமல்லவா? அவருடைய சாவிக்கொத்தில் இதுவரை குடியிருந்த எல்லா வீட்டுச் சாவியும் தொங்கும். எதையும் சேர்ப்பார். எதையும் கழிக்க மாட்டார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் குடும்பத்துக்கே வாய்த்தார். என் மூத்த அண்ணனின் இரண்டாவது மகளைக் கட்டியவர். எனக்கு மருமகன் முறை. பாத்திரக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் அதைச் செய்து, சுட வைத்து, குலுக்கி, கீழே போட்டு உடைத்துப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர். அதற்குள் இயற்கையைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள்: வெப்பத்துக்கு ஒரு மாட்யூல், காற்றுக்கு ஒன்று, ஓசைக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று. எது வேண்டுமோ அதை மட்டும் 'சேர்' பொத்தானை அமுக்கிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பக்கத்திலேயே 'நீக்கு' என்றும் ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பக்கம் அவர் போனதாகச் சரித்திரம் இல்லை.

கம்பெனி ஒரு புதுக் கெட்டில் போட நினைத்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் கொதிக்கும்போது கைப்பிடி கையைச் சுடுமா, சுடாதா? சுட்டால் கைப்பிடியை நீட்ட வேண்டும், சுடாவிட்டால் குட்டையாகவே விடலாம். அச்சு வெட்டுகிறவர் பதிலுக்குக் காத்திருந்தார். முதலாளி வேலையை நம் மருமகனிடமும், அவருக்குக் கீழே புதிதாக வந்திருந்த இன்ஜினியரிடமும் ஒப்படைத்தார். புதியவன் வேறு யாருமில்லை, மருமகனின் மைத்துனன். என் அண்ணனுக்குக் கடைசிப் பிள்ளை.

"வெள்ளிக்கிழமை சரியான பதில் வந்தா உனக்கு வேலை நிரந்தரம். தப்பா வந்தா வேற இடம் பாத்துக்கப்பா" என்று முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வெப்ப மாட்யூலைச் சேர்த்தார்கள். வேலை அத்தோடு முடிந்தது. அதாவது, வேறு யாராவது செய்திருந்தால் முடிந்திருக்கும்.

"போதும் அத்தான். சூட்ட மட்டும்தான கேட்டாங்க?"

"ஆவி வரும்ல?"

"வரும்..."

"அப்ப ஆவியையும் சேரு மாப்ளே. எதுக்கும் இருக்கட்டும்."

ஆவி வந்தால் காற்று வராதா? காற்றும் வந்தது. இரண்டு மாட்யூல் ஓரிடத்தில் கூடினால் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை ஏற்படுத்திவிட வேண்டுமாம். வெப்பம் சொல்வதைக் காற்று கேட்க வேண்டும், காற்று சொல்வதை வெப்பம் கேட்க வேண்டும். அதாவது சம்பந்திகள். சம்பந்தம் என்று ஆகிவிட்டால் கூட்டம் இரண்டோடு நிற்குமா? காற்றுக்குத் தங்கை முறை ஓசை, கெட்டில் விசில் அடிக்குமே என்று வந்தாள். ஓசையைக் கட்டியவன் அதிர்வு, மனைவி வந்த இடத்துக்குத் தானும் வந்தான். அதிர்வுக்குப் பெரியப்பா நிலநடுக்கம். பெரியவரை விட்டுவிட்டு எப்படி? துரு வந்தது, காந்தம் வந்தது, எந்த வழியில் உறவு என்று யாருக்கும் தெரியாத மின்னலும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை நிலாவின் ஈர்ப்பைச் சேர்த்தார்.

"அத்தான், நிலா எதுக்கு?"

"கடலையே இழுக்குது மாப்ளே. ஒரு கெட்டில் தண்ணிய இழுக்காதா?"

கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. பிறகு யோசித்து, வந்த வழியே திரும்பியது. வீட்டில் என் அண்ணன் மகள் சாப்பாட்டுத் தட்டைச் சற்று சத்தமாகவே வைத்தாள்.

"ஏங்க, என் தம்பிக்கு மட்டும் வேலை போகட்டும். நீங்க அந்த நிலாவுக்கே போயிடுங்க."

"போலாம். அங்க சூடு எவ்வளவுன்னு பாக்கணும்" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒருமுறை செய்ததை வீணாக்காது. புதன்கிழமை மருமகன் பழைய வேலைகளைக் கிளறினார். எப்போதோ மீன் வைக்கும் குளிர் அறைக்காகச் செய்த 'சுற்றுப்புறம்' ஒன்று கிடைத்தது. ஆற்றுப் பாலம் ஒன்றுக்காகச் செய்த காற்றும் கிடைத்தது. இரண்டையும் அப்படியே தூக்கி வந்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்க வேணாமா அத்தான்?"

"சுத்துப்புறம்னா சுத்துப்புறம்தான். மீனுக்கு ஒண்ணு, கெட்டிலுக்கு ஒண்ணா? செஞ்சதையே மறுபடி செய்றவன் பைத்தியக்காரன்டா."

பழைய பீரோவை வாங்கியவர், உள்ளே ஒளிந்திருந்த ஆளையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த கதைதான். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால், எரிகிற அடுப்பின் மேல் கெட்டில், கெட்டிலுக்குள் பனிக்கட்டி.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? மீன் அறையை எடுத்துவிடுவோம். அவர் ஒரு ஹீட்டரைச் சேர்த்தார். பாலத்துக் காற்று ஹீட்டரைப் புரட்டிப் போட்டது. காற்றைத் தடுக்க ஒரு சுவர் சேர்த்தார். பெரியப்பா நிலநடுக்கம் சுவரைத் தள்ளிவிட்டது. தூண் கொடுத்தார். தூண் நனைந்தது, ஆவியெல்லாம் குளிர்ந்து சொட்ட ஆரம்பித்திருந்தது. எனவே ஒரு கூரை. வியாழக்கிழமை வேலை முடியும்போது கெட்டிலைச் சுற்றி வீடு ஒன்று எழும்பி, உள்ளே தூறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. கைப்பிடி சுடவில்லை. ஜில்லென்று இருக்கிறது. கைப்பிடியே தேவையில்லை, கெட்டிலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தே தூக்கலாம். மருமகன் அறிக்கையின் அடியில் தன் பெயரைப் போட்டார்; மைத்துனன் பெயரையும் சேர்த்தார். ஏன் என்று நான் சொல்ல வேண்டுமா?

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "கைப்பிடி இல்லாத கெட்டில்! உலகத்துலயே நாமதான்யா!" அச்சு வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். "கைப்பிடிய விட்டுட்டு வெட்டுங்க."

மைத்துனன் கணக்குப் போட்டான். முதல் கெட்டிலை முதல் ஆள் தொட்ட மறுகணம் யார் வேலை போகும்? அத்தானுடையது போகாது, அவர் பழைய ஆள். ஓடிப்போய் வேறொரு கம்ப்யூட்டரில் புதிதாக ஆரம்பித்தான். ஒரு கெட்டில், ஒரு சாதாரண அறை, ஒரே ஒரு வெப்ப மாட்யூல். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: சுடும், தோல் உரியும் அளவுக்குச் சுடும். அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தான்.

முதலாளி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு ஜில்லுங்குது, ஒண்ணு சுடுங்குது. எதுய்யா சரி?"

"ரெண்டையும் வெச்சுக்குங்க சார்" என்றார் மருமகன்.

"அத்தான், அந்த மீன் அறைய மட்டும் எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. சார் முன்னாடியே."

"நல்லா இருக்கறத எதுக்குடா எடுக்கணும்?"

"எடுய்யா" என்றார் முதலாளி.

மருமகன் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்புகிறவர் போல 'நீக்கு' பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு கேள்வி எழுந்தது: 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?'

"பாத்தீங்களா சார்! அதுவே கேக்குது!"

மைத்துனன் குறுக்கே கையை நீட்டி 'ஆம்' என்பதை அமுக்கினான்.

மீன் அறை போயிற்று. பனிக்கட்டி உருகியது, தண்ணீர் கொதித்தது, சுவருக்குள் இருந்த ஹீட்டர் வேறு சேர்ந்துகொள்ள, கைப்பிடி திரையில் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. முதலாளி தன்னையறியாமல் கையை உதறிக்கொண்டார். அச்சு வெட்டுகிறவர் நீளக் கைப்பிடிக்கு அளவு குறித்துக்கொண்டு போனார்.

மைத்துனனுக்கு வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொல்லியாயிற்று.

"அப்ப அத்தான் சார்?" என்றான் அவன். என்ன இருந்தாலும் அக்கா புருஷன்.

முதலாளி மருமகனைப் பார்த்தார். யோசித்தார். "அவரு எதுக்குன்னுதான் எனக்கும் புரியல. போகச் சொல்லிரலாமா? சரி, விடு. எதுக்கும் இருக்கட்டும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று ஓரிடத்துக்குத் தாமதமாகப் போனீர்களே, என்ன காரணம் சொன்னீர்கள்? பஸ் கிடைக்கவில்லை என்பது போதாதா? மழையையும், தலைவலியையும், வழியில் பிடித்துக்கொண்ட பழைய நண்பரையும் எதற்குச் சேர்த்தீர்கள்? பஸ்ஸே கிடைக்காத ஆளை வழியில் யார் எப்படிப் பிடித்தார்? போகட்டும். இன்று வீட்டுக்குப் போகவும் நேரமாகப்போகிறது. போன மாதம் மேனேஜரிடம் சொன்ன காரணத்தையே கையில் தயாராக வைத்திருக்கிறீர்கள். உறுதியான காரணம்தான், ஏற்கெனவே ஒருமுறை பலித்தது. ஆனால் கதவைத் தட்டுவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அந்தக் காரணத்துக்குள் உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.